மழையைப் பார்த்து மருந்து கொடுங்கள்

ஐப்பசியில் நல்ல மழை பெய்துவிட்டால் ஆடு வளர்ப்போருக்கு மகிழ்ச்சி. கோடை முழுவதும் காய்ந்து கிடந்த தரிசில் பசும்புல் முளைக்கிறது. ஆடுகள் வயிறு நிறைய மேய்ந்து திரும்புகின்றன. பத்துப் பதினைந்து நாளில் உடம்பில் மினுமினுப்பும் தெரிகிறது. ஆனால் கார்த்திகை பாதியில் அதே மந்தையில் நன்றாக இருந்த குட்டி ஒன்று விடியற்காலையில் பட்டியில் இறந்து கிடக்கும். இரண்டு நாள் கழித்து இன்னொன்று. முந்தின நாள் மாலை வரை மேய்ந்த குட்டி. காய்ச்சல் இல்லை, கழிச்சலும் இல்லை. காற்றுப் பட்டது என்றோ, கண் பட்டது என்றோ சொல்லிப் புதைத்துவிடுவார்கள்.

அந்தக் குட்டியின் நான்காம் இரைப்பையைத் திறந்து பார்த்தால் காரணம் தெரிந்துவிடும். சிவப்பும் வெள்ளையும் சேர்த்து முறுக்கிய நூல் போன்ற மெல்லிய புழுக்கள் நூற்றுக்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்கும். இதுவே இரத்தம் உறிஞ்சும் இரைப்பைப் புழு. தமிழ்நாட்டில் செம்மறி, வெள்ளாடுகளுக்குப் பெருத்த சேதம் விளைவிக்கும் ஒட்டுண்ணி இதுதான்.

கழிச்சல் இல்லாமலே கொல்லும் புழு

ஆட்டுக்குப் புழு இருந்தால் கழியும் என்பது பொதுவான நம்பிக்கை. இரைப்பைப் புழுவைப் பொறுத்தவரை இது சரியன்று. புழுக்கை வழக்கம்போலவே இருக்கும். சில சமயம் இறுகியும் இருக்கும். கழிச்சலுக்காகக் காத்திருப்பவர் குட்டியை இழந்துவிடுவார்.

இந்தப் புழு ஒன்று நாளொன்றுக்குச் சுமார் 0.05 மி.லி. இரத்தத்தை வீணாக்குகிறது. ஒரு துளி அளவுதான். ஆனால் ஒரு குட்டியின் வயிற்றில் 1,000 புழுக்கள் இருந்தால் நாளொன்றுக்கு 50 மி.லி. போய்விடும். பத்துக் கிலோ எடையுள்ள குட்டியின் உடலில் இருக்கும் மொத்த இரத்தமே ஏறக்குறைய 650 மி.லி. தான். ஆகவே இரண்டு வாரத்தில் அதன் உடலிலுள்ள இரத்தம் முழுவதற்கும் சமமான அளவு வெளியேறிவிடுகிறது. உடல் புதிதாக இரத்தம் ஊறச் செய்தாலும் இந்த வேகத்திற்கு ஈடுகொடுக்க இயலுவதில்லை.

இரத்தம் குறையும்போது ஆடு மந்தையில் பின்தங்கும். சிறிது விரட்டினாலும் மூச்சு வாங்கிப் படுத்துவிடும். தாடையின் அடியில் நீர் கோத்து வீங்கும். இந்த வீக்கம், தலையைத் தாழ்த்தி மேய்ந்துவிட்டு வரும் மாலையில் நன்கு தெரியும், காலையில் வற்றியிருக்கும். ஆகவே தாடையைத் தடவிப் பார்க்க வேண்டிய நேரம் மாலை. காய்ச்சலும் வாய்ப்புண்ணும் உதடு வீக்கமும் சேர்ந்திருந்தால் அது நீலநாக்கு நோயாக இருக்கலாம். அதற்குப் புழு மருந்து பயன்படாது. உடனே கால்நடை மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

புழு இருப்பது வயிற்றில் மட்டுமா?

புழு என்றதும் ஆட்டின் வயிற்றைத்தான் நினைக்கிறோம். உண்மையில் ஒரு மந்தையைச் சேர்ந்த புழுக்களில் மிகப் பெரும்பகுதி வயிற்றில் இல்லை. மேய்ச்சல் நிலத்தில் முட்டையாகவும் இளம்புழுவாகவும் கிடக்கின்றன.

பெண் புழு ஒன்று நாளொன்றுக்கு 5,000 முதல் 10,000 முட்டைகள் வரை இடுகிறது. ஒரு மந்தையில் 50 ஆடுகள்; ஒவ்வொன்றிலும் 500 பெண் புழுக்கள் என்று கொள்வோம். குறைந்த கணக்காகப் பார்த்தாலும் அந்த மந்தை ஒரே நாளில் 12½ கோடி முட்டைகளை நிலத்தில் தூவிவிட்டு வருகிறது. வெயிலும் வறட்சியும் இருக்கும் வரை இவற்றில் பெரும்பகுதி காய்ந்து அழிந்துவிடும். ஈரமும் இளஞ்சூடும் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு வாரத்தில் பொரித்து, தொற்றக்கூடிய இளம்புழுவாக வளர்ந்துவிடும். பனியும் மழைநீரும் புல்லில் படிந்திருக்கும்போது அந்த ஈரத்தின் வழியே புல்லில் ஏறி நிற்கும். ஆடு புல்லோடு சேர்த்து அதை விழுங்குகிறது. விழுங்கிய மூன்று வாரத்தில் அது முதிர்ந்து தானும் முட்டையிடத் தொடங்குகிறது.

மழை பெய்தபின் நான்காவது வாரம்

மேற்சொன்ன கணக்கிலேயே தடுப்பு முறையும் அடங்கியிருக்கிறது. மண் நனையும்படி முதல் மழை பெய்த நாளிலிருந்து ஒரு வாரத்தில் இளம்புழு தயார். அதிலிருந்து மூன்று வாரத்தில் வயிற்றில் புழு முதிர்ச்சி. ஆக, மழை பெய்தபின் மூன்றாவது, நான்காவது வாரங்களில்தான் ஆபத்து தலைதூக்குகிறது. விவசாயி முதல் நல்ல மழை பெய்த தேதியைச் சுவரிலோ நாட்காட்டியிலோ குறித்து வைத்துக்கொள்ள வேண்டும். அதிலிருந்து மூன்றாவது வாரம் தொடங்கி மந்தை முழுவதையும் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்க்க வேண்டும். மூன்று மாதத்திற்கு ஒருமுறை என்று கண்ணை மூடிக்கொண்டு மருந்து ஊற்றுவதைவிட இதுவே சிறந்தது. வடகிழக்குப் பருவமழை ஓர் ஆண்டு புரட்டாசிக் கடைசியில் வரும். மற்றோர் ஆண்டு ஐப்பசிப் பாதியில் வரும். புழுவுக்குத் தெரிந்தது மழைதானே தவிர தேதி அன்று.

இமையைப் பாருங்கள்

எந்த ஆட்டுக்கு மருந்து தேவை என்பதை அறிய எளிய வழி உண்டு. ஆட்டை வெளிச்சத்தில் நிறுத்தி, ஒரு கட்டை விரலால் மேல் இமையை மெல்ல அழுத்தி, மற்றொரு விரலால் கீழ் இமையை இழுத்தால் உட்புறத் தோல் வெளியே தெரியும். அதன் நிறமே உடலில் இரத்தம் இருக்கும் அளவைக் காட்டும். தென்னாப்பிரிக்காவில் உருவாக்கப்பட்ட ‘ஃபமாச்சா’ என்ற வண்ண அட்டை இந்த நிறத்தை ஐந்து படிகளாகப் பிரிக்கிறது. முதற்படி நல்ல சிவப்பு, இரண்டாவது வெளிர் சிவப்பு, மூன்றாவது இளஞ்சிவப்பு, நான்காவது வெளுப்பு கலந்த இளஞ்சிவப்பு, ஐந்தாவது வெளுப்பு.

நான்கு, ஐந்தாம் படியில் உள்ளவற்றுக்கு உடனே மருந்து கொடுக்க வேண்டும். குட்டிகள், சினை ஆடுகள், பால் கொடுக்கும் தாய் ஆடுகள் மூன்றாம் படியில் இருந்தாலும் கொடுத்துவிட வேண்டும். முதல் இரண்டு படியில் உள்ள வளர்ந்த ஆடுகளுக்கு அப்போது மருந்து வேண்டியதில்லை. மழைக்காலத்தில் இரண்டு வாரத்திற்கு ஒருமுறையும், வறண்ட காலத்தில் மாதம் ஒருமுறையும் பார்த்தால் போதும். ஈனும் தருவாயிலும் ஈன்ற சில வாரங்களிலும் தாய் ஆட்டின் எதிர்ப்புச் சக்தி குறைந்து, புழு முட்டைகள் மிகுதியாக வெளியேறும். மழைக்காலத்தில் ஈனும் ஆடுகளிடம் தனிக் கவனம் தேவை.

மருந்து கேட்காமல் போவது ஏன்?

மந்தையிலுள்ள அத்தனை ஆடுகளுக்கும் ஒரே நாளில் மருந்து கொடுத்து, உடனே புதிய மேய்ச்சலுக்கு ஓட்ட வேண்டும் என்பதே நெடுங்காலம் சொல்லப்பட்ட யோசனை. இப்போது அதை மாற்றிக்கொள்ள வேண்டியதாகிவிட்டது. காரணம், மருந்துக்கு அடங்காத புழுக்கள் பெருகிவிட்டன.

1961ஆம் ஆண்டு தயாபெண்டசோல் என்ற புழு மருந்து வந்தது. 1964ஆம் ஆண்டிலேயே அதற்கு அடங்காத இரைப்பைப் புழு அமெரிக்காவில் கண்டறியப்பட்டது. 1981ஆம் ஆண்டு விற்பனைக்கு வந்த ஐவர்மெக்டின் மருந்தைக் கண்டுபிடிக்க வழிசெய்த வில்லியம் கேம்பெல், சத்தோஷி ஓமுரா ஆகிய இருவருக்கும் 2015ஆம் ஆண்டு மருத்துவ நோபல் பரிசில் பங்கு கிடைத்தது. அத்தகைய மருந்துக்கும் அடங்காத புழுக்கள் பல நாடுகளில் தோன்றிவிட்டன. தமிழ்நாட்டுச் செம்மறி மந்தைகளிலும் மருந்துகளை எதிர்த்து நிற்கும் புழுக்கள் ஆய்வுகளில் காணப்பட்டுள்ளன.

இது எவ்வாறு நேர்கிறது என்பதை விதைநெல்லை வைத்து எளிதில் விளங்கிக்கொள்ளலாம். எந்தக் கதிரை விதைக்கு விடுகிறோமோ அதன் குணம்தான் அடுத்த போகத்தில் வரும். மந்தை முழுவதற்கும் மருந்து கொடுக்கும்போது, அந்த மருந்தைத் தாங்கிப் பிழைத்த சில புழுக்கள் மட்டுமே அடுத்த தலைமுறைக்கு விதையாகின்றன. கடுங்கோடையில் இந்த ஆபத்து இன்னும் அதிகம். அப்போது நிலத்தில் இளம்புழு ஏறக்குறைய இல்லை. எல்லா ஆட்டுக்கும் மருந்து கொடுத்தால், மழைக்குப்பின் நிலமெங்கும் பரவுவது அந்தப் பிழைத்த புழுக்களின் சந்ததியே. இமை சிவப்பாக உள்ள ஆடுகளுக்கு மருந்து கொடுக்காமல் விட்டால், மருந்துக்கு அடங்கும் புழுக்களும் நிலத்தில் கலந்திருக்கும். மருந்தும் பல ஆண்டு பலன் தரும். மருந்துச் செலவு மிச்சமாவது கூடுதல் நன்மை.

மருந்தை மாற்றிப் பார்க்கிறேன் என்று கடையில் வேறு பெயருள்ள புட்டியை வாங்குவதில் பயனில்லை. ஆல்பெண்டசோலும் ஃபென்பெண்டசோலும் பெயரால் வேறு, இனத்தால் ஒன்றே. ஒன்றுக்கு அடங்காத புழு மற்றதற்கும் பெரும்பாலும் அடங்காது. லெவாமிசோல் வேறு இனம். ஐவர்மெக்டின் மற்றோர் இனம். புட்டியின் மேலுள்ள பெரிய எழுத்துப் பெயரை விட்டு, அடியில் சிறிய எழுத்தில் உள்ள மருந்துப் பெயரைப் படித்துப் பார்க்க வேண்டும்.

மருந்து வேலை செய்கிறதா என்பதை அறியவும் வழி உண்டு. மருந்து கொடுக்கும் அன்று பத்து ஆடுகளின் புதிய புழுக்கையைத் தனித்தனியே சிறு பாலிதீன் பைகளில் எடுத்து அன்றே கால்நடை மருந்தகத்தில் கொடுத்து முட்டைகளை எண்ணச் சொல்ல வேண்டும். இரண்டு வாரம் கழித்து அதே ஆடுகளில் மீண்டும் பார்க்க வேண்டும். முட்டை எண்ணிக்கை நூற்றுக்கு 95 பங்காவது குறையவில்லை என்றால் அந்த மருந்தில் நம்பிக்கை வைப்பதற்கில்லை.

அளவில் சிக்கனம் கூடாது

தேவையற்ற ஆட்டுக்கு மருந்து கொடுக்காதிருப்பது சிக்கனம். தேவையுள்ள ஆட்டுக்கு அளவைக் குறைத்துக் கொடுப்பது நஷ்டம். குறைந்த அளவு புழுவைக் கொல்லாமல் மருந்துக்குப் பழக்கிவிடுகிறது.

எடுத்துக்காட்டாக, ஃபென்பெண்டசோல் 2.5 சத திரவத்தில் ஒரு மி.லி.க்கு 25 மில்லி கிராம் மருந்து உள்ளது. செம்மறிக்கு ஒரு கிலோ எடைக்கு 5 மில்லி கிராம் வீதம் கணக்கிட்டால், 20 கிலோ ஆட்டுக்கு 100 மில்லி கிராம், அதாவது 4 மி.லி. தேவை, 30 கிலோ ஆட்டுக்கு 6 மி.லி. தேவை. புட்டிக்குப் புட்டி சதவீதம் வேறுபடும். ஆகவே ஒவ்வொரு முறையும் கணக்குப் போட வேண்டும். கண்மதிப்பில் எடை பெரும்பாலும் குறைவாகவே தோன்றும். தொங்கு தராசில் நிறுப்பதே நல்லது. செம்மறிக்குச் சொன்ன அளவு சில மருந்துகளில் வெள்ளாட்டுக்குப் போதாது. மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும். குளோசன்டல் போன்ற மருந்துகள் அளவு மிஞ்சினால் ஆட்டின் பார்வையையே போக்கிவிடும். சினையின் தொடக்கத்தில் ஆல்பெண்டசோல் கொடுத்தால் கருவிலுள்ள குட்டி ஊனமடையக் கூடும்.

மருந்து ஊற்றும்போது ஆட்டின் தலையை அண்ணாந்து தூக்கக் கூடாது. மூக்கு, கண் மட்டத்திற்கு மேல் போகாமல் பிடித்து, வாயின் ஓரமாகச் செலுத்தி மெதுவாக ஊற்ற வேண்டும். இருமினால் உடனே விட்டுவிட வேண்டும். மருந்து நுரையீரலுக்குள் புகுந்தால் புழுவால் சாகாத ஆடு மருந்தால் செத்துவிடும்.

சந்தையில் வாங்கிவந்த ஆட்டை நேரே மந்தையில் சேர்ப்பதும் தவறு. அடங்காத புழு பெரும்பாலும் இந்த வழியில்தான் ஊருக்குள் நுழைகிறது. இரண்டு வாரம் தனியே கட்டி, மருத்துவர் சொல்லும் மருந்து கொடுத்து, புழுக்கையைச் சோதித்தபின் சேர்ப்பது நலம்.

மேய்ச்சலில் கவனம்

இளம்புழு பெரும்பாலும் புல்லின் அடிப்பகுதியில், தரையிலிருந்து மூன்று நான்கு விரற்கடைக்குள் இருக்கும். மொட்டையாக மேய்ந்த நிலத்தில் மறுபடியும் மறுபடியும் மேய்க்கும்போதுதான் ஆடு அதிகமாகப் புழுவை விழுங்குகிறது. பனி உலர்ந்தபின் ஓட்டுவது நல்லது. தாழ்ந்த ஈர நிலத்தைத் தவிர்த்து மேட்டு நிலத்தில் மேய்க்க வேண்டும். சொந்த மேய்ச்சல் நிலம் உள்ளவர்கள் அதைப் பிரித்து, ஓரிடத்தில் நான்கு நாளுக்கு மேல் மேய்க்காமல் மாற்றி, ஐந்தாறு வாரம் கழித்துத் திரும்பி வரலாம். ஆடு மேய்ந்த இடத்தில் அடுத்து வளர்ந்த மாடுகளை மேய விடுவது மிக நல்லது. ஆட்டின் இரைப்பைப் புழு மாட்டின் வயிற்றில் சரியாக வளர்வதில்லை. மாடு புல்லோடு சேர்த்து அதை அழித்துவிடுகிறது.

புறம்போக்கில் மேய்ப்பவருக்கு நிலத்தைப் பிரிக்க வழியில்லை. அவர்களுக்குக் கைகொடுப்பது மரத்தழை. தரையில் இருக்கும் இளம்புழு மரம் ஏறாது. அடைமழை நாட்களில் அகத்தி, சூபாபுல், வாகை, ஆல், கொடுக்காப்புளித் தழைகளைக் கட்டித் தொங்கவிட்டால் அந்த அளவுக்கு ஈரப்புல் மேய்வது குறையும். கடலைக்கொடியும் சிறிது பிண்ணாக்கும் கொடுத்தால் புரதம் கிடைத்து, இழந்த இரத்தம் விரைவில் ஊறும். பட்டியை மேட்டில் அமைத்து, எருவைக் குழியில் குவித்து மக்கவைத்தால் அந்தச் சூட்டில் முட்டைகள் அழியும். ஈரமும் அசுத்தமும் உள்ள பட்டியில் ஒன்றிரண்டு மாதக் குட்டிகள் இரத்தமாகக் கழிந்தால் அது பெரும்பாலும் காக்சிடியா நோய். குடற்புழு மருந்து அதற்குக் கேட்காது.

கண்மாய்க் கரையில் காத்திருக்கும் தட்டைப்புழு

மாடு, எருமை, ஆடு மூன்றையும் தாக்குவது கல்லீரல் தட்டைப்புழு. இது நன்னீர் நத்தையின் உடலில் வளர்ந்து, வெளியேறி, நீரோரப் புல்லிலும் நெற்பயிரின் அடித்தாளிலும் ஒட்டிக்கொள்கிறது. மழை முடிந்து கண்மாயிலும் ஏரியிலும் நீர் வற்ற வற்ற, கரையோரத்தில் பச்சைப்புல் தெரியும். மற்ற இடங்கள் காய்ந்துவிட்ட நிலையில் கால்நடைகள் அங்கேதான் இறங்கும். ஆகவே இரைப்பைப் புழுவுக்கு மழைக்காலம் என்றால் தட்டைப்புழுவுக்கு மழை முடிந்த காலம். அதே கரையில் பிடிக்கும் இரைப்பைத் தட்டைப்புழுவின் இளம்பருவம் நாற்றத்துடன் நீராகக் கழியச் செய்து கன்றுகளையும் குட்டிகளையும் கொல்லும்.

சாதாரணக் குடற்புழு மருந்து எல்லாம் இதற்கு உதவாது. ஆக்சிகுளோசனைடு, டிரைகிளாபெண்டசோல் போன்றவற்றை மருத்துவர் யோசனைப்படி தை, மாசியில் ஒருமுறையும், தேவையானால் சித்திரை, வைகாசியில் ஒருமுறையும் கொடுக்கலாம். வாய்க்காலிலும் குட்டையிலும் வாத்து மேயவிட்டால் நத்தை குறையும். ஈர வைக்கோலைக் கொடுக்காமல் வெயிலில் நன்கு உலர்த்திப் போரிட்டுக் கொடுக்க வேண்டும். தண்ணீரைத் தொட்டியில் காட்ட வேண்டும்.

மாட்டுக்கு மருந்து அளவிட எடை தெரிய வேண்டும். மார்புச் சுற்றளவை அங்குலத்தில் எடுத்து, அதை அதனாலேயே பெருக்கி, தோள் முனையிலிருந்து பிட்டத்து எலும்பு முனை வரையுள்ள நீளத்தால் பெருக்கி, 660ஆல் வகுத்தால் கிலோவில் எடை ஏறக்குறையக் கிடைக்கும். சுற்றளவு 60 அங்குலம், நீளம் 55 அங்குலம் என்றால் எடை 300 கிலோ. கறவை மாட்டுக்கு எந்த மருந்து கொடுத்தாலும் எத்தனை நாள் பாலை விற்கக் கூடாது என்று கேட்டறிவது கடமை.

எருமைக் கன்றுக்கும் மாட்டுக் கன்றுக்கும் பெரிய உருண்டைப்புழு தாயின் பால் வழியாகவே வந்துவிடுகிறது. இதற்கு மழையும் இல்லை, வெயிலும் இல்லை. பிறந்த பத்தாம் நாளிலிருந்து பதினாறாம் நாளுக்குள் பைப்பரசின் போன்ற மருந்தைக் கொடுத்துவிட்டால் வெளிறிய களிமண் போன்ற கழிச்சலும் வயிறு உப்பிச் சாவதும் பெருமளவு நிற்கும்.

உண்ணிக்குச் சுவரும் வீடு

மழை ஈரத்தில் பெருகும் மற்றொன்று உண்ணி. மாட்டில் காணும் உண்ணி சுமார் மூன்று வாரம் உடலில் இரத்தம் குடித்துவிட்டுக் கீழே விழுந்து, சுவர் வெடிப்பிலும் தரை இடுக்கிலும் 2,000 முட்டைகளுக்கு மேல் இடுகிறது. கலப்பினப் பசுக்களுக்கு உண்ணியால் பரவும் காய்ச்சல்கள் உயிருக்கே ஆபத்து. சிறுநீர் காப்பி நிறத்தில் போனாலும், கடுங்காய்ச்சலுடன் நெரி கட்டினாலும் அன்றே மருத்துவரை அழைக்க வேண்டும்.

உடலில் மட்டும் மருந்து அடித்தால் போதாது; சுவர் வெடிப்புகளைப் பூசி, மூலை முடுக்கெல்லாம் தெளிக்க வேண்டும். மூன்று வாரம் கழித்து மறுமுறை தெளிக்க வேண்டும். தெளிக்கும் முன் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிவிட்டால் உடம்பை நக்குவது குறையும். மழை இல்லாத நாளில், வெயில் ஏறுமுன் செய்ய வேண்டும். பயிருக்கு வாங்கிய பூச்சிமருந்தைக் கால்நடை மீது தெளிப்பது பெருந்தவறு. மீந்த மருந்துநீரைக் குளத்தில் ஊற்றினால் மீன்கள் சாகும்.

ஆண்டுக் கணக்கு

புரட்டாசி: மழைக்கு முன் இமை பார்த்து, மெலிந்தவற்றுக்கும் குட்டிகளுக்கும் மருந்து. கொட்டகைச் சுவர் பூச்சு, உண்ணி மருந்து.

ஐப்பசி, கார்த்திகை: முதல் மழைத் தேதி குறித்தல். மூன்றாவது வாரத்திலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இமை பார்த்தல். மரத்தழை.

மார்கழி: பனி உலர்ந்தபின் மேய்ச்சல், இமை பார்த்தலைத் தொடர்தல்.

தை, மாசி: சாணம், புழுக்கை சோதனை, தட்டைப்புழு மருந்து.

பங்குனி முதல் வைகாசி வரை: நீரோரப் புல்லில் எச்சரிக்கை. மந்தை முழுவதற்கும் மருந்து கூடாது. கோடை மழை பலமாகப் பெய்தால் அன்றிலிருந்து புதிய கணக்கு.

ஆனி முதல் ஆவணி வரை: தென்மேற்குப் பருவமழை பெறும் மாவட்டங்களில் ஐப்பசிக்குச் சொன்னவை அனைத்தும் பொருந்தும்.

நான்கைந்து குட்டிகள் ஒரு சிறு விவசாயிக்குப் பள்ளிச் செலவு, விதைச் செலவு, சில வீட்டில் வைத்தியச் செலவு. கார்த்திகையில் அவற்றைக் காப்பாற்ற ஐப்பசியில் இரண்டு விரல்களால் இமையை இழுத்துப் பார்த்தால் போதும். இந்த ஆண்டு முதல் மழை பெய்த அன்று மாலையே தேதியைக் குறித்து வையுங்கள். தடுப்பு அங்கேதான் தொடங்குகிறது.